சி.பி.யூ. 100 சதவீதம்: ஒரு சின்ன வரலாறு

செமஸ்டர் லீவு. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் என் தாய்மாமா.

மாமா எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். ஆலையின் பெயர் வேண்டாமே. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் டீயைக்கூட குடிக்காமல் கேட்டார்.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற?"

"இல்ல மாமா, பி.காம்."

"அதுல கம்ப்யூட்டர் வராதா?"

"டேலி வரும்."

"அது போதும், கேளு."

அவர்கள் கண்ட்ரோல் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி. பாய்லர் டிரம்மில் தண்ணீர் எவ்வளவு, நீராவி அழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் அதில்தான் பார்ப்பார்கள். சில நாட்களாக மதியத்துக்கு மேல் அது திணறுகிறது. அன்றைக்கு தண்ணீர் மட்டம் திரையில் ஐம்பது சதவீதம் என்றே ரொம்ப நேரம் நின்றிருக்கிறது. மாமாவுக்கு ஏதோ சந்தேகம். வெளியே போய் டிரம்மில் இருக்கும் கேஜ் கிளாஸைப் பார்த்தால் தண்ணீர் பாதிக்கு ரொம்பக் கீழே. ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டு சரிசெய்திருக்கிறார்கள். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் குழாய்கள் நெருப்பில் வெறுமனே வேகும், அதற்கப்புறம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஒன்று தனியாக இருக்கிறதாம். "அது வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பார்க்கிற ஆசை எனக்கு இல்ல" என்றார்.

கம்ப்யூட்டர் பார்க்க வந்த பையன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "சார், சி.பி.யூ. 100 சதவீதம் போகுது, அதான் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் மதியம் மறுபடி அதே கதை. "எதுக்குடா அது 100 போகுது?" என்பதுதான் மாமாவின் கேள்வி.

அதைத் தேடப் போய்த்தான் ஒரு வரலாறே அகப்பட்டது. ஆலைகளையும் மின்சாரத்தையும் ராக்கெட்டையும் கவனிக்கும் கம்ப்யூட்டர்கள் வேலை தாங்காமல் திணறிய கதைகள் ஐம்பது வருடங்களுக்கும் மேலாக இருக்கின்றன. சிலது சிரிப்பாக, சிலது பயமாக.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவானால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். ஆலையில் விஷயம் வேறு. அங்கே பாதி வேலையை பி.எல்.சி. என்ற சின்னப் பெட்டி செய்கிறது. வால்வைத் திறப்பது, மோட்டாரை நிறுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. மாமா பார்க்கும் கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியிடம் கேட்டுத் திரையில் காட்டும் ஜன்னல் மாதிரி. ஜன்னல் உறைந்து போனாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். ஆனால் பார்க்கிற மனிதன் பத்து நிமிடத்துக்கு முந்தைய உலகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த வகையில் புகழ்பெற்ற முதல் கதை நிலாவில் நடந்தது. 1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கம்ப்யூட்டரில் 1202 என்று ஒரு அலாரம். கொஞ்ச நேரத்தில் 1201. "கொடுத்த வேலைகளை முடிக்க இடமும் நேரமும் போதவில்லை" என்று கம்ப்யூட்டரே ஒப்புக்கொள்கிற அலாரம் அது. அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம் சுமார் 2 மெகாஹெர்ட்ஸ். எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள். இன்றைக்கு வாஷிங் மெஷினில்கூட அதைவிடப் பெரிசு இருக்கும்.

காரணம், அந்த நேரத்தில் தேவையே இல்லாத ஒரு ரேடார். இறங்கும்போது அதற்கு வேலை இல்லை. ஆனால் அதன் மின் இணைப்பில் இருந்த ஒரு பொருத்தமின்மையால், நொடிக்கு ஆயிரக்கணக்கில் வெற்றுத் துடிப்புகளை கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் எண்ணுவதிலேயே கம்ப்யூட்டரின் நேரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் போய்விட்டது. ஏற்கெனவே முழுக்க வேலையில் இருந்த மெஷினுக்கு அந்த 15 தாங்கவில்லை.

ஆனாலும் அது ஹேங் ஆகவில்லை. எம்.ஐ.டி.யில் அதை வடிவமைத்தவர்கள், மார்கரெட் ஹாமில்டன் தலைமை வகித்த மென்பொருள் குழு உட்பட, இப்படி ஒரு நாள் வரும் என்று முன்பே யோசித்திருந்தார்கள். வேலை மிஞ்சினால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே ஒரு நொடிக்குள் மறுதுவக்கம் செய்துகொண்டு, என்ஜினை இயக்குவது மாதிரி உயிர்நாடியான வேலைகளை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அவசரமில்லாததைக் கைவிட்டுவிடும். ஹூஸ்டனில் அந்த அலாரத்துக்கு அர்த்தம் தெரிந்து "தொடரலாம்" என்று சொன்னவர்கள் ஸ்டீவ் பேல்ஸ், ஜாக் கார்மன். வயது 26, 24. கார்மனிடம் எல்லா அலாரங்களுக்கும் கையால் எழுதிய ஒரு பட்டியல் இருந்தது. சில நாட்களுக்கு முன் ஒத்திகையில் இதே மாதிரி ஒரு அலாரம் வந்து, அவசரப்பட்டு இறங்குவதையே ரத்து செய்து, திட்டு வாங்கிய பிறகு எழுதிய பட்டியல் அது. (24 வயது! நான் இன்னும் அரியர் வைத்திருக்கிறேன்.)

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, கம்ப்யூட்டர் வாயைத் திறந்து "என்னால் முடியவில்லை" என்று சொன்னதுதான். அடுத்த கதையில் அது சொல்லவில்லை. நான் அதிக நேரம் செலவழித்துப் படித்ததும் அதைத்தான்.

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், ஆக்ரன் நகரம். பர்ஸ்ட் எனர்ஜி என்ற மின்சாரக் கம்பெனியின் கண்ட்ரோல் ரூம். அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எக்ஸ்.ஏ.21 என்ற யூனிக்ஸ் மென்பொருள் ஓடுகிறது. எந்த லைன் டிரிப் ஆனாலும் அலாரம் அடித்துத் திரையில் காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று.

மதியம் 2.14 மணிக்கு அந்த அலாரம் புரோகிராம் செத்துப்போனது. செத்துப்போனது என்பதுகூட சரியில்லை, அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. முடிவே இல்லாத ஒரு வட்டத்தில் சிக்கி, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, எரர் இல்லை. கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்களுக்கு அமைதியான மதியம்.

ஏன் சிக்கியது? பல வாரங்கள், சுமார் பத்து லட்சம் வரி சி, சி++ புரோகிராமைத் துருவிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். எங்கள் பாஷையில் சொல்கிறேன். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கர்கள் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பது விதி. என்றோ ஒருநாள், கண் இமைக்கும் நேரத்தில், இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டார்கள். பக்கம் குளறுபடி. அதைப் படித்துத் தொகை போட வந்த மூன்றாவது ஆள், "அடுத்த பக்கம் பார்க்க" என்ற குறிப்பைப் பின்பற்றிப் போய்ப் போய் அதே பக்கத்துக்கே வந்துகொண்டிருக்கிறார். அந்த மூன்றாவது ஆள்தான் அலாரம் புரோகிராம். அதற்கு முன் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் இந்த மென்பொருள் பல இடங்களில் ஓடியும் இந்தத் தவறு ஒருமுறைகூட தலைகாட்டவில்லை என்று ஜெனரல் எலெக்ட்ரிக் தரப்பில் சொன்னார்கள். மறுபடி வரவழைத்துப் பார்க்க, புரோகிராமுக்குள் வேண்டுமென்றே தாமதங்களைப் புகுத்தி ஓட்ட வேண்டியிருந்ததாம்.

அலாரம் நின்றதும் வரும் தகவல்கள் எல்லாம் வரிசையில் குவிய ஆரம்பித்தன. 2.41க்கு முதன்மை சர்வர் படுத்தது. மாற்று சர்வர் தானாகப் பொறுப்பேற்றது. ஆனால் குவிந்து கிடந்த மூட்டையையும் சிக்கிய புரோகிராமையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது! 2.54க்கு அதுவும் படுத்தது. இதற்கிடையில் ஆபரேட்டர்களின் திரை வழக்கமாக 1 முதல் 3 நொடியில் புதுப்பிக்கப்படுவது, 59 நொடி வரை எடுக்க ஆரம்பித்தது.

இங்கேதான் மாமாவின் ஆலை எனக்கு ஞாபகம் வந்தது. சர்வர் படுத்ததும் கம்ப்யூட்டர் பிரிவு ஆட்களுக்குத் தானாகவே செய்தி போயிருக்கிறது. அவர்கள் 3.08க்கு ரீஸ்டார்ட் செய்தார்கள். சர்வர் எழுந்து ஓடுகிறதா என்று பார்த்தார்கள், ஓடியது. வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். அலாரம் வருகிறதா என்று கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலாரம் அப்போதும் செத்தேதான் கிடந்தது. கண்ட்ரோல் ரூம் ஆட்களுக்கோ அது செத்த விஷயமே தெரியாது. ஒரே கம்பெனி. ஒரு பக்கத்துக்குத் தெரிந்தது மறு பக்கத்துக்குப் போகவில்லை.

வெளியே என்ன நடந்தது? கோடை வெயில், நல்ல லோடு. 3.05க்கு ஒரு 345 கிலோவோல்ட் லைன் மரத்தில் பட்டு டிரிப். 3.32க்கு இன்னொன்று. 3.41க்கு மூன்றாவது. மூன்றுமே வெட்டாமல் விட்ட மரங்கள். பக்கத்துக் கம்பெனிகள் போன் செய்து "உங்கள் லைன் போச்சா?" என்று கேட்டபோது இங்கே திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. போனை நம்புவதா, திரையை நம்புவதா? திரையை நம்பினார்கள். 3.42க்குத்தான் ஒரு ஆபரேட்டர் கம்ப்யூட்டர் கோளாறு என்று புரிந்துகொண்டார். 4.05க்கு சாமிஸ் - ஸ்டார் என்ற முக்கியமான லைன் போனது. அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சில நிமிடங்களில் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. 265 மின் நிலையங்கள் நின்றன.

இதில் ஒரு கொசுறு. அந்த வட்டாரத்தின் மின் தொகுப்பை மேற்பார்வை பார்த்த இன்னொரு அமைப்பின் கம்ப்யூட்டரிலும் அன்று மதியம் ஒரு சிக்கல். சரிசெய்தவர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் வசதியைத் திரும்பப் போட மறந்துவிட்டு சாப்பிடப் போய்விட்டார். விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு உலகத்தில் எங்கேயும் விதிவிலக்கு கிடையாது போல.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2012 ஜூலை 30, 31ல் வட இந்தியா இருண்டபோது தமிழ்நாடு தப்பியது. அப்போது தென்னக மின் தொகுப்பு மற்ற தொகுப்புகளோடு ஒரே அலையில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. 2013 டிசம்பர் 31ல் ரெய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலம் அந்த இணைப்பு வந்துவிட்டது. இப்போது நாடு முழுக்க ஒரே தொகுப்பு. அந்தத் தொகுப்பின் வரைபடத்தில் "தர்மபுரி (புதிய சேலம்)" என்று பவர்கிரிட்டின் 765 கிலோவோல்ட் துணை மின் நிலையம் ஒன்று உண்டு. ஆக ஓஹையோ அவ்வளவு தூரம் இல்லை.

சரி, மாமாவின் எக்ஸ்பிக்கு வருவோம். எக்ஸ்பிக்கென்றே ஒரு 100 சதவீத வரலாறு இருக்கிறது. 2013ன் பிற்பகுதியில் உலகம் முழுக்க எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் ஆன் செய்ததும் 100ல் போய் நின்றன. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்ற பெயர். வைரஸ் என்று எல்லோரும் அலறினார்கள். உண்மையில் அது மைக்ரோசாப்டின் அப்டேட் வசதி. புதிய அப்டேட் எது, அது எந்தப் பழைய அப்டேட்டை ரத்து செய்கிறது, அந்தப் பழையது அதற்கும் முந்தைய எதை ரத்து செய்தது என்று சங்கிலியாகப் பார்த்துக்கொண்டே போகும். ஜி.எஸ்.டி. நோட்டிபிகேஷன் படித்தவர்களுக்கு உடனே புரியும் :-) சங்கிலியில் ஒவ்வொரு கண்ணி கூடும்போதும் வேலை இரட்டிப்பாகும்படி அதை எழுதியிருந்தார்கள். பத்து கண்ணி என்றால் ஆயிரம் மடங்கு, இருபது என்றால் பத்து லட்சம் மடங்கு. எக்ஸ்பி வந்த 2001ல் சங்கிலி குட்டி, யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து அது வளர்ந்து கம்ப்யூட்டரின் கழுத்தை நெரித்தது. கடைசியில் மைக்ரோசாப்ட் பழைய கண்ணிகளைப் பட்டியலிலிருந்தே எடுத்து, 2014 ஜனவரி வாக்கில் தீர்த்தது. அதே ஏப்ரல் 8ல் எக்ஸ்பிக்கு ஆதரவையே நிறுத்திவிட்டது.

அப்புறமும் ஆலைகளில் எக்ஸ்பி ஏன்? கஞ்சத்தனம் மட்டும் காரணம் இல்லை என்று மாமா மூலமாகத்தான் புரிந்தது. மெஷினோடு வந்த மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடும். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதற்கு ஆலையை நிறுத்த வேண்டும். ஒருநாள் நிறுத்தினால் என்ன நஷ்டம் என்பது காஸ்ட் அக்கவுண்டிங்கில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஏமாற்றினால் என்ன நஷ்டம் என்பது புத்தகத்தில் இல்லை.

"நெட் இணைப்பு இல்லையே, பயம் எதுக்கு?" என்பார்கள். 2003 ஜனவரி 25ல் ஸ்லாமர் என்ற 376 பைட் புழு, ஓஹையோவிலேயே டேவிஸ் பெஸ் அணுமின் நிலையத்துக்குள் போனது. முன்வாசலில் பயர்வால் இருந்தது. புழு நுழைந்தது ஒரு கான்ட்ராக்டருக்காகப் போட்ட தனி லைன் வழியாக, கொல்லைப்புறமாக. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் திரை ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை செய்யவில்லை. நல்லவேளை, நிலையம் ஏற்கெனவே வேறு காரணத்துக்காக மூடிக் கிடந்தது. நம் கூடங்குளத்தில் 2019ல் நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர் ஒன்றில் தீய மென்பொருள் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30ல் ஒப்புக்கொண்டது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருக்கிறது, அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள்.

திருடர்களுக்கு வெடிக்க வைக்கும் ஆசைகூட இருக்க வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் ரேடிப்ளோ என்ற இஸ்ரேல் கம்பெனி ஒரு விஷயத்தை வெளியிட்டது. ஐரோப்பாவில் ஒரு குடிநீர் நிறுவனத்தின் கண்காணிப்புக் கம்ப்யூட்டர்களில் யாரோ மானெரோ என்ற டிஜிட்டல் நாணயத்தை உற்பத்தி செய்யும் புரோகிராமை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி அவர்களுக்கு அக்கறையே இல்லை, சும்மா கிடக்கும் சி.பி.யூ.தான் வேண்டும். புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்த தலைமுறையைப் பார்த்த மாவட்டம் இது. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது எங்கள் தெருவில் எவ்வளவு சந்தோஷம் என்று அம்மா இன்னும் சொல்வார். தண்ணீர் கம்பெனி என்றதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு மாமாவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்யும் முன் டாஸ்க் மேனேஜரில் எந்தப் பெயர் மேலே நிற்கிறது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று மூன்று நாள் குறியுங்கள். திரை நம்பரையும் கேஜ் கிளாஸையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தவன் உங்களிடம் "இப்ப சரியா காட்டுதா?" என்று கேட்காமல் போகக்கூடாது. கடைசியைத்தான் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மூன்று நாளும் சரியாக இரண்டு மணி! மேலே நின்ற பெயர் ஆன்டிவைரஸ். தினமும் இரண்டு மணிக்கு முழு டிஸ்கையும் சோதிக்கும்படி யாரோ என்றைக்கோ வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பாய்லர் அளவீடுகளை நொடிக்கு நொடி சேமிக்கும் போல்டரைப் பல வருடங்களாக யாரும் காலி செய்யவில்லை. லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க, திரைக்குப் புது அளவீடு கொண்டுவரும் புரோகிராம் வரிசையில் நின்றிருக்கிறது. அந்தப் போல்டரை மட்டும் சோதனையிலிருந்து விலக்கி, பழையவற்றை வேறு டிஸ்குக்கு மாற்றி, சோதனையை ஆலை நிற்கும் பராமரிப்பு நாளுக்குத் தள்ளினார்கள். இப்போது மதியத்தில் 20, 30க்கு மேல் போவதில்லையாம்.

ஆனால் மாமா ஒன்று செய்தார், அது என் தாளில் இல்லை. திரையின் மூலையில் நேரம் காட்டும் கடிகாரம் அந்தக் கம்ப்யூட்டருடையது, தண்ணீர் மட்டம் உறைந்தபோதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் திரை உயிரோடு இருப்பதாக எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். பி.எல்.சி.யிலிருந்தே ஒரு நொடி எண்ணை எடுத்துத் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் காட்டும்படி கேட்டு வாங்கிவிட்டார். அந்த எண் நின்றால் நம்பர் பழசு. இப்போது ஷிப்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிறகுதான் நாற்காலியில் உட்காருகிறார்களாம்.